தலையை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள்: ஆர்கான், நைட்ரஜன் வேலை செய்கிறவர்களுக்கு

ஆடி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறைக்கு வெளியே நின்று பாருங்கள், தோளில் துண்டு நிற்காது. கணவாய்க் காற்று அப்படி. காற்றாலை வைத்துக் கரண்ட் எடுக்கிற ஊர் இது. அந்த ஊரில், பட்டறை வாசலில் இருந்து இருபதடி தள்ளி, மூச்சு விடக் காற்றில்லாமல் நான் விழுந்திருக்கிறேன்.

2011-ல் நடந்தது. ஐயாயிரம் லிட்டர் பால் டேங்கு ஒன்று படுக்கை வாட்டத்தில் கிடந்தது. வெல்டிங் தையல் உள்பக்கம் கறுத்துப் போகாமல் இருக்க டேங்குக்குள் ஆர்கானை நிரப்பிவிட்டு, வெளியிலிருந்து வெல்டிங் அடித்து முடித்தோம். நான் போய் ரெகுலேட்டரை மூடினேன். மூடினால் முடிந்தது என்று நினைப்பு. தையல் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, ஆள் நுழைகிற வாயான மேன்ஹோலுக்குள் தலையையும் ஒரு தோளையும் விட்டேன். இளம் பொன் நிறத்தில் தையல் அழகாக ஓடியிருந்தது. 'நல்லா வந்திருக்கே' என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது சிமெண்ட் தரையில் கிடந்தேன். காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவர் எங்கள் கிரேன் ஓட்டுகிறவர், வேலந்தாவளத்துக்காரர். சொந்தமில்லை, ஆனால் மாமா, மாப்பிள்ளை என்றுதான் பேசிக்கொள்வோம். "ஏன் மாப்ள, எட்டிப் பாத்துட்டே தூங்கிப் போனயாட்ட இருந்துச்சு. ரெண்டு வாட்டி கூப்புட்டேன், பேச்சே இல்ல" என்றார். அவர் சொன்ன அந்தத் 'தூங்கிப் போனயாட்ட' என்பதுதான் விஷயமே. எனக்கு இருமல் வரவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை. பயம்கூட வரவில்லை. தினமும் சாவடியில் பஸ் ஏறி, வாளையார் தாண்டி வேலைக்குப் போய்வந்து பதினைந்து வருடம் ஆன மேஸ்திரி நான். எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்போகும் முறைகளில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும். மூச்சை அடக்கினால் தவிப்பு வருகிறது இல்லையா, அது ஆக்ஸிஜன் குறைவதால் வருவதில்லை. உடம்பில் சேரும் கரியமில வாயு வெளியே போகாமல் தேங்குவதால் வருகிறது. நைட்ரஜனையோ ஆர்கானையோ இழுத்து விடும்போது கரியமில வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் உடம்பு 'எல்லாம் சரி' என்றே நினைத்துக்கொள்ளும். உள்ளே வருவதில் ஆக்ஸிஜன் இல்லை என்று சொல்ல உடம்பில் சரியான மணி எதுவும் கிடையாது. அதோடு, ஆக்ஸிஜனே இல்லாத வாயுவை இழுத்தால் நுரையீரல் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆக்ஸிஜனும் வெளியேறிவிடும். தண்ணீருக்குள் மூச்சடக்கி ஒரு நிமிடம் இருக்கிற ஆள்கூட, இங்கே ஒன்றிரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவது அதனால்தான்.

நல்ல காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே ஆள் இருக்கக் கூடாது. 15-ஐ ஒட்டி வரும்போது கை கால் சொன்னபடி கேட்காது. 12-ஐ நெருங்கினால் புத்தி மங்கும். மங்கியது நமக்குத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை, குடித்தவன் 'நான் ஸ்டெடி' என்று சொல்வது போல. 10-க்குக் கீழே மயக்கம். 6-க்குக் கீழே ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இதில் விஷம் என்று ஒன்றும் இல்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆர்கானும் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து. நைட்ரஜனுக்கு லவாய்சியே வைத்த பெயர் 'அசோட்', உயிர் தங்காதது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நாம்தான் அதை 'சும்மா கேஸ்' என்கிறோம்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். ஆயிரம் கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். நாம் வாங்குகிற பெரிய நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றில் 7 கன மீட்டர் வாயு இருக்கிறது. கதவு, சன்னல் சாத்திய அந்த அறையில் ஒரே ஒரு சிலிண்டர் இரவெல்லாம் கசிந்து காலியானால், காலையில் ஆக்ஸிஜன் 16-ஐ ஒட்டி நிற்கும். ஒரே ஒரு சிலிண்டர்! மூன்று நான்கை அறைக்குள் அடுக்கிவைத்துப் பூட்டிவிட்டுப் போகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

திரவ நைட்ரஜன் இன்னும் மோசம். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் அது, ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். பத்து லிட்டர் பிடிக்கும் கேன் கவிழ்ந்தால் முழுச் சிலிண்டர் ஒன்றைத் திறந்துவிட்ட மாதிரி, அதுவும் இரவெல்லாம் அல்ல, சில நிமிடத்தில். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர்கள் வண்டியில் வைத்திருக்கும் அந்த மாதிரிக் கேன்தான். திறந்த வெளியில் பயமில்லை. அதைக் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு வருவதுதான் தப்பு. லிஃப்டில் கொண்டுபோவதாக இருந்தால் கேன் தனியாகப் போகட்டும், நீங்கள் படியில் ஏறுங்கள். மாடியில் ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும், நடுவில் எந்தத் தளத்திலும் ஆள் ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். உலர் பனிக்கட்டியும் இதே கதைதான், ஒரு கிலோ கரைந்தால் அரைக் கன மீட்டருக்கு மேல் கரியமில வாயு. மீன் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி ஏற்றுகிற மூடிய வண்டியில் தூங்காதீர்கள்.

எந்த வாயு எங்கே தங்கும் என்பதும் முக்கியம். ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், கரியமில வாயு ஒன்றரை மடங்கு. இரண்டும் டேங்கின் அடியிலும் குழியிலும் தண்ணீர் மாதிரி தேங்கும். மேல் மேன்ஹோலைத் திறந்துவைத்தால் தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருப்பது, குடத்தின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் வெளியே வரும் என்று காத்திருப்பது போல. ஹீலியம் இதற்கு நேர்மாறு, மேலே போய்க் கூரையடியில் நிற்கும். நைட்ரஜன் காற்றுக்குச் சமமான எடை என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் திரவத்தில் இருந்து வரும் குளிர்ந்த நைட்ரஜன் தரையோடு ஊர்ந்து போகும். கேபிள் குழி, வண்டி கழுவும் குழி, படிக்கட்டு அடி எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். வெள்ளையாகத் தெரியும் புகை நைட்ரஜன் இல்லை, குளிரில் உறைந்த ஈரம். புகை தெரியாத இடத்திலும் வாயு இருக்கும்.

டேங்குக்குள் ஆள் இறங்கும் முன்

வால்வை மூடுவது போதாது. எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார், வால்வு என்றால் ஒருநாள் 'பாஸ்' ஆகும், மூடியிருந்தும் கசியும். டேங்குக்கு வரும் வாயுக் குழாயைக் கழற்றித் தள்ளிவையுங்கள், அல்லது குழாய் சேருகிற ஃபிளேஞ்சுக்கு நடுவே பிளைண்டு, அதாவது வழியை அடைக்கும் தகடு, போடுங்கள். பிறகு பூட்டு. பூட்டுச் சாவி உள்ளே இறங்குகிறவன் பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேசையில் இல்லை. நான் சூப்பர்வைசராக இருந்தும் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது காற்று. பிளோயரின் துணிக் குழாயை டேங்கின் அடிவரை இறக்குங்கள். மேலே வாயில் வைத்து ஊதினால் மேல் காற்று மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அடியில் ஆர்கான் அப்படியே கிடக்கும். பிளோயர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள். லாரி புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை உள்ளே அனுப்புகிறீர்கள். டேங்கின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு காற்று உள்ளே போய் நன்றாகக் கலந்தால், பழைய வாயு ஒரு சதவீதத்துக்கும் கீழே வரும். ஆனால் மூலை முடுக்குகளில் கலக்காது. ஆகவே கணக்கு ஒரு குத்துமதிப்புக்குத்தான், தீர்ப்பு ஆக்ஸிஜனை அளக்கும் மீட்டருடையது.

காற்று வேண்டும் என்று ஆக்ஸிஜன் குழாயை உள்ளே திறந்துவிடுகிற வழக்கம் சில சின்னப் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆக்ஸிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அது தீ ஆபத்து, மீட்டர் அதற்கும் அடிக்கும். அந்த நிலையில் எண்ணெய் படிந்த சட்டையில் ஒரு பொறி விழுந்தால் துணி எரிகிற வேகமே வேறு.

மீட்டர் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற இடம்தான் அதிகம். வெளியே, சிலிண்டர் வரிசையில் இருந்து தள்ளி, திறந்த வெளியில் ஆன் செய்யுங்கள். 20.9 காட்ட வேண்டும். டேங்கு ஓரத்தில் நின்று ஆன் செய்து 'ஜீரோ' பண்ணினால், கெட்ட காற்றையே நல்ல காற்று என்று அதற்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. அப்புறம், சென்சார் மேல் நீளமாக மூச்சை விட்டுப் பாருங்கள். நாம் விடும் மூச்சில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 16 சதவீதம்தான், எண் இறங்கி மணி அடிக்க வேண்டும். அடிக்காத மீட்டரைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலையை நிறுத்துங்கள். இது சோதனை வாயு விட்டுப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. ஆனால் 'சென்சார் செத்துக் கிடக்கிறதா' என்று தெரிந்துகொள்ளப் போதும். பெரும்பாலான ஆக்ஸிஜன் சென்சார்களுக்கு ஆயுள் இரண்டு வருடத்தை ஒட்டித்தான், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும்.

மீட்டரில் நீளக் குழாயை மாட்டி, அதை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் இறக்கி அளக்க வேண்டும். நீளமான குழாயில் காற்று ஏறிவர நேரம் ஆகும். ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லி நான் பழக்கியிருக்கிறேன். 'எண் மாறலையே, போலாமா' என்று அவசரப்படுகிற பையனிடம் குழாயின் மறுமுனையைக் காட்டி, 'நீ பாக்கறது மூணடி உசரத்துக் காத்து, முப்பதடி காத்து இன்னும் வந்துட்டு இருக்கு' என்று சொல்வேன்.

அளக்கும் வரிசை: முதலில் ஆக்ஸிஜன், பிறகு எரியும் வாயு, கடைசியில் விஷ வாயு. இதற்குக் காரணம் இருக்கிறது. எரியும் வாயுவை அளக்கிற சாதாரணச் சென்சார், அந்த வாயுவைத் தனக்குள் எரித்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்ஸிஜன் வேண்டும். நைட்ரஜன் நிறைந்த டேங்கில் பெட்ரோல் ஆவி எவ்வளவு இருந்தாலும் அது 'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்லும்.

இன்னொன்று, இதைப் பல பேர் கவனிப்பதில்லை. ஆக்ஸிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே மீட்டரில் ஒரு சதவீதம் குறைந்தால், ஏறக்குறைய ஐந்து சதவீதம் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். 20.1 காட்டினால் மணி அடிக்காது. ஆனால் வந்த அந்த நான்கு சதவீதம் கரியமில வாயுவாக இருந்தால், அதுவே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. எட்டு மணி நேர வேலைக்கு அதன் வரம்பு அரை சதவீதம்தான். நைட்ரஜன், ஆர்கான் மாதிரி அது சும்மா இடத்தைப் பிடிப்பது மட்டுமில்லை, ரத்தத்தையே புளிக்க வைக்கும். கரியமில வாயு வேலைக்கு அதற்கென்று தனி மீட்டர் வேண்டும். 19.5-க்கு மேல் இருந்தால் இறங்கலாம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 20.9 ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இறங்க வேண்டாம்.

எழுத்தில் அனுமதி (பெர்மிட்), வெளியே காவலுக்கு ஆள், இடுப்பில் பெல்ட், கயிறு, அதன் மறுமுனை வெளியே நிற்பவர் கையில். இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். உள்ளே எடுத்துப்போகும் விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அதில் அடுத்த பிரிவாக இருந்தது. 2025-ல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. வெளியே நிற்பவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். 'நீ நில்லு, அப்படியே அந்த போல்ட்டையும் டைட் பண்ணிடு' என்றால் அங்கே காவல் இல்லை.

உள்ளே வெல்டிங் நடக்கும்போது

டேங்கு சுத்தம், மீட்டர் 20.9, ஆள் இறங்கியாயிற்று. இனிமேல்தான் வெல்டிங் டார்ச் வழியாக நாமே ஆர்கானை உள்ளே விடப் போகிறோம். நிமிடத்துக்கு 12 லிட்டர் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 720 லிட்டர். ஐயாயிரம் லிட்டர் டேங்கில் காற்றோட்டம் இல்லாமல் அடித்தால், ஒரு மணி நேரத்தில் ஆக்ஸிஜன் 18-ஐ ஒட்டி வந்துவிடும். வெல்டர் உட்கார்ந்து குனிந்து வேலை செய்கிறவர், அவர் மூக்கு இருப்பதே ஆர்கான் தேங்கும் உயரத்தில். ஆகவே பிளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மீட்டர் அவர் சட்டைக் காலரில் இருக்க வேண்டும். இறங்கும்போது ஒருமுறை அளந்தது அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் செல்லும்.

டீ நேரம்தான் எனக்கு அதிக பயம். மணி அடித்ததும் வெல்டிங் டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டு எல்லாரும் கேண்டீனுக்குப் போவார்கள். டார்ச் வால்வு லேசாகக் கசியும். அரை மணி கழித்து, 'முன்னாடி அளந்துதான இறங்கினோம்' என்று நேராக உள்ளே குதிப்பார்கள். எங்கள் பட்டறையில் இப்போது சட்டம் இதுதான்: வெளியே வருகிறவன் டார்ச்சையும் குழாயையும் இழுத்துக்கொண்டே வர வேண்டும், மூடுவது சிலிண்டர் தலையில், திரும்பப் போகும்போது முதலில் இருந்து அளவு. சாப்பாட்டு நேரம் பத்து நிமிடம் குறைகிறது என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

குழாய் நிறத்தை நம்பி மூச்சு விடாதீர்கள்

பெரிய ஆலைகளில் கருவிகளை இயக்கும் காற்றுக் குழாய் ஒன்று ஓடும். கம்ப்ரஸர் நின்றுபோனால் வால்வுகள் நிற்கக் கூடாது என்று, அந்தக் குழாயில் நைட்ரஜனைத் தானாக ஏற்றிவிடும் ஏற்பாடு பல ஆலைகளில் உண்டு. கருவிக்கு எந்த வாயுவாக இருந்தாலும் சரி, அழுத்தம் இருந்தால் போதும். ஆனால் அந்தக் குழாயில் இருந்து முகமூடிக்குக் காற்று எடுக்கிற ஆளுக்கு? காலையில் காற்றாக இருந்தது மதியம் நைட்ரஜனாக மாறியிருக்கும், குழாய் அதே குழாய், பெயிண்டும் அதே பெயிண்டு. சுவாசக் காற்றுக்கென்று தனிக் கம்ப்ரஸர் அல்லது தனிச் சிலிண்டர் மட்டும். நைட்ரஜன் குழாயை மாட்டும் இணைப்பும் (கப்ளர்) காற்றுக் குழாயின் கப்ளரும் ஒன்றோடொன்று சேராத வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். 'சேரலையே' என்று யாராவது அடாப்டர் செய்து மாட்டினால் அந்த அடாப்டரை வெட்டிக் குப்பையில் போடுங்கள். வேர்வை ஆற, தூசி தட்ட என்று நைட்ரஜனைச் சட்டைக்குள் விடுகிற விளையாட்டையும் இத்தோடு விடுங்கள்.

முகமூடி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தூசி முகமூடி, கரி வடிகட்டி வைத்த முகமூடி எதுவும் இங்கே பயன்படாது. அவை கெட்டதை வடிகட்டும், இல்லாத ஆக்ஸிஜனை உண்டாக்காது. முதுகில் காற்றுச் சிலிண்டர் அல்லது வெளியில் இருந்து வரும் சுவாசக் காற்றுக் குழாய், இரண்டில் ஒன்றுதான்.

ஒருவர் விழுந்துவிட்டால்

இங்கேதான் இரண்டாவது சாவும் மூன்றாவது சாவும் நடக்கின்றன. விழுந்தது நம் ஆள், அண்ணன் தம்பி மாதிரி பழகியவன். பார்த்துக்கொண்டு நிற்க எந்த மனுசனுக்கும் முடியாது. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-ல் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் உறைய வைக்கும் இயந்திரத்தில் இருந்து திரவ நைட்ரஜன் வழிந்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரில், என்ன ஆயிற்று என்று பார்க்கவும் தூக்கவும் உள்ளே போனவர்களும் உண்டு. நம் பக்கம் கிணற்றில் நடப்பதும் இதேதான். ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க, அவரைத் தூக்க மூன்றாமவர்.

ஆகவே காப்பாற்றுவது என்பது அவர் இறங்கும் முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை. உடம்பில் பெல்ட் மாட்டி, கயிறு கட்டி, மேலே முக்காலியும் வின்ச்சும் நிறுத்திவிட்டால், வெளியில் நின்றே வின்ச்சைச் சுற்றி விழுந்தவரை மேலே தூக்கிவிடலாம், உள்ளே யாரும் போக வேண்டியதில்லை. எழுபது கிலோ ஆளை வெறும் கையால் நேர் மேலே தூக்க முடியாது, இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வின்ச் இல்லாத இடத்தில் கயிறு இருந்தும் பாதிப் பயன்தான்.

வெளியே நிற்பவர் செய்ய வேண்டியது: கத்த வேண்டும், வாயுவை மூட வேண்டும், வின்ச்சைச் சுற்ற வேண்டும், பிளோயர் நின்றிருந்தால் ஓட விட வேண்டும், 101-க்கும் 108-க்கும் யாரையாவது அழைக்கச் சொல்ல வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. தூக்க முடியாவிட்டால், முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிய, அதில் பழக்கம் உள்ள ஆள் மட்டும் இறங்கலாம். ஆளை வெளியே கொண்டுவந்ததும் மூச்சு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். இதற்குப் பயிற்சி வேண்டும். எங்கள் இடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை மணல் மூட்டையை டேங்குக்குள் போட்டுத் தூக்கிப் பார்க்கிறோம். முதல் முறை பதினோரு நிமிடம் ஆயிற்று. மூளை அவ்வளவு நேரம் காத்திருக்காது. இப்போது இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது.

என் விஷயத்தில் மாமா செய்தது சரியா? கால் வெளியே இருந்தது, அவர் நின்ற இடத்தில் நல்ல காற்று இருந்தது, இழுத்தார். சரி. ஆனால் என்னை இழுத்துப் போட்ட அடுத்த நொடி, பக்கத்தில் இருந்த ஹெல்பர் 'உள்ள என்னதான் இருக்கு' என்று குனிந்து பார்க்கப் போயிருக்கிறான். மாமா அவன் பின்மண்டையில் ஒன்று போட்டாராம்.

சிலிண்டர், கிணறு, இன்னும் சில

சிலிண்டர்களை நிறுத்தி, சங்கிலி போட்டு, மூடி மாட்டி, காற்றோட்டமான கூரையடியில் வையுங்கள். பள்ளமான அறையோ மாடிப்படி அடியோ வேண்டாம். நிறத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: ஆர்கான் நீலம், நைட்ரஜன் சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. ஆனாலும் மாட்டும் முன் லேபிளைப் படியுங்கள், பெயிண்டு உதிரும். குட்டியானையில் திறந்த பின்பக்கத்தில் ஏற்றுங்கள், ஆம்னி மாதிரி மூடிய வண்டிக்குள் வேண்டாம். சிலிண்டர் அறைக்கு ஆக்ஸிஜன் அலாரம் மாட்டினால் அதன் மணியும் விளக்கும் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போன பிறகு அடித்து என்ன பயன்?

கிணற்றுக்கு நம் தாத்தாக்கள் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், தழைக் கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவார்கள், தண்ணீரை வாரி இறைப்பார்கள். காற்றைக் கலக்கும் அந்த அறிவு சரியானதுதான். ஆனால் விளக்கு அணைவது ஆக்ஸிஜன் 16-ஐ ஒட்டி வந்த பிறகு, அதற்கு முன்பே ஆள் தடுமாறத் தொடங்கிவிடுவான். எரியும் வாயு இருக்கிற இடமென்றால் விளக்கே வெடிக்க வைக்கும். ஆலைக்குள் அந்த முறை கூடவே கூடாது. இன்று கிணறு வெட்டும் குழுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மீட்டர் வாங்கலாம், அதைவிட அதிகம் அவர்கள் கம்ப்ரஸர் டீசலுக்கே செலவாகிறது.

நான் போன இடமெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்று: இறங்கலாம் என்று சொன்னவருக்கும், வாயு திறக்கும் இடத்தில் இருப்பவருக்கும் பேச்சு உண்டா? 1981 மார்ச் 19 அன்று கொலம்பியா விண்ணோடத்தின் பின்பகுதி அறைக்குள் தொழிலாளர்கள் போனபோது உள்ளே நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது. போகலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உயிர்கள் போயின. ராக்கெட் விடுகிற இடத்திலேயே இந்தக் கதி என்றால், மூன்று மொழி பேசுகிற நம் பட்டறையில்?

மூன்று மொழி என்று சும்மா சொல்லவில்லை. எங்களிடம் ஃபிட்டர்கள் பாதிப் பேர் பாலக்காட்டுச் சேட்டன்மார், வெல்டர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள், ஹெல்பர்கள் ஒடிசா, பீகார். முன்பு மேன்ஹோல் பக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு பலகை தொங்கும், அதை வாங்கிய கடைக்காரரைத் தவிர யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் விழுந்து எழுந்த அடுத்த வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு 'உள்ளே போகாதே', 'அகத்து கயறருது', 'அந்தர் மத் ஜானா' என்று அவரவர் எழுத்தில் எழுதி வைத்தேன். காய்வதற்குள் ஒடிசாப் பையன் ஒருவன் வந்து நிதானமாகப் படித்தான். என்னைப் பார்த்தான். நடந்தது அவனுக்கும் தெரியும்.

"மேஸ்திரி, நீங்க உள்ள போகலயே. தலை மட்டும்தான விட்டீங்க?" என்றான், அவனுடைய பாதித் தமிழில்.

பெயிண்டரை மறுபடியும் உட்கார வைத்து, மூன்று மொழியிலும் இன்னொரு வரி சேர்த்தேன்: தலையும் கூடாது.